முன்சக்கரத்தின் பாரம்: பழைய டிராக்டரும் பவர் ஸ்டியரிங்கும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் நெல் என்றால் பெரும்பாலும் மானாவாரி நெல்தான். கண்மாய் பெருகும் என்ற நம்பிக்கையில் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் விவசாயம் இது. திருவாடானை, ராஜசிங்கமங்கலம் தொடங்கி முதுகுளத்தூர், கமுதி வரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏறத்தாழ ஒரே பருவத்தில் உழவுக்கு வருகிறது. அந்தச் சில வாரங்களில் ஓடுகிற நிலையில் உள்ள எந்த டிராக்டருக்கும் வேலை உண்டு. மீதி நாளெல்லாம் வேலியோரம் நின்றாலும், பழைய மாசியையோ ஃபோர்டையோ இண்டர்நேஷனலையோ விற்க மனம் வராததற்கு அது ஒரு காரணம்.

இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. இவற்றை வாங்கி ஓட்டியவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்து வரும் பிள்ளைகளோ புது வண்டியின் லேசான ஸ்டியரிங்குக்குக் கை பழகியவர்கள். ஆகவே “இதற்கும் பவர் ஸ்டியரிங் போட்டுவிடலாமா?” என்ற பேச்சு எழுகிறது. போடலாம். உலகம் ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்த வண்டிக்கு, எந்த முறையில், எதைச் சரிசெய்த பிறகு என்பதுதான் கேள்வி. இந்தக் கடற்கரை மாவட்டத்துக்கு என் விடை இது: பாதி வண்டிகளுக்கு வேண்டியது பவர் ஸ்டியரிங் அல்ல, முன் அச்சு வேலை. மீதிக்குத் தேவைதான், ஆனால் அதற்கென்று தனிப் பம்பு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

பவர் ஸ்டியரிங்கின் வரலாறு காரில் தொடங்குகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டியரிங்கை ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் ஓட்டிக் காட்டினார். ஆனால் அது விற்பனைக் காரில் ஏறியது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். டிராக்டருக்கு வர அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. ஜான் டியர் 1954-ல் தன் வரிசைப் பயிர் டிராக்டர்களில் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. அதே பத்தாண்டில் நெப்ராஸ்காவின் பெலன், மினசோட்டாவின் சார்-லின் ஆகிய நிறுவனங்கள், ஏற்கெனவே வயலில் ஓடிக்கொண்டிருந்த ஃபார்மால் போன்ற வண்டிகளில் பிற்பாடு பூட்டிக்கொள்ளும் பவர் ஸ்டியரிங்கை விற்றன. பழைய டிராக்டருக்குப் பவர் ஸ்டியரிங் என்பது ஒட்டுவேலையாகப் பிறந்த எண்ணம் அல்ல. அந்தத் தொழிலின் இளமையிலேயே இருந்த வியாபாரம்.

இன்று டிராக்டர், ஜேசிபி, அறுவடை இயந்திரம் எல்லாவற்றிலும் ஸ்டியரிங் தண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் ஆர்பிட்ரால் என்ற சிறு உருளையும் சார்-லின் தந்ததுதான். அதை உருவாக்கியவர் லின் சார்ல்சன். அதற்கு முன் ஸ்டியரிங் வட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். இவர் அதை எடுத்துவிட்டு இரண்டு எண்ணெய்க் குழாய்களை வைத்தார். வட்டைத் திருப்பினால் திருப்பிய அளவுக்கு எண்ணெய் அளந்து சிலிண்டருக்குப் போகும். சிலிண்டர் சக்கரத்தைத் தள்ளும்.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி தொடங்கிய காலத்தைப் பாருங்கள். ஃபரிதாபாதில் ஐச்சர் 1959-ல் வெளிவந்தது. சென்னையில் டஃபே 1960-ல் மாசி பெர்குசன் கூட்டோடு பிறந்தது. மகிந்திராவின் இண்டர்நேஷனல் 1963-ல் வந்தது. எஸ்கார்ட்ஸின் ஃபோர்டும் பிஞ்சோரின் எச்எம்டியும் 1971-ல், பஞ்சாபின் ஸ்வராஜ் 1974-ல். பவர் ஸ்டியரிங் உலகில் இருந்த காலம்தான் எல்லாமே. இருந்தும் நம் உழவனுக்கு வந்த வண்டிகள் பெரும்பாலும் கையால் திருப்பும் வண்டிகளே. விலை ஏறும், பம்பு பழுதானால் பார்க்க ஆளில்லை என்ற காரணங்களில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விலையை ஓட்டுநரின் தோளும் முதுகும் கொடுத்தன. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை. பிற்காலத்தில் மகிந்திரா 575, ஸ்வராஜ் 744 போன்றவை இரண்டு வகையிலும் விற்பனைக்கு வந்தன. பாக் நீரிணையின் அக்கரையில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், பழைய மாசி 35-ம் 135-ம் இன்றும் உழைக்கின்றன. இக்கட்டுரையின் கேள்வி அங்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்டியரிங் ஏன் கனக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். 35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள வண்டி ஏறத்தாழ 1,700 முதல் 2,000 கிலோ இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன் அச்சில் உட்காருகிறது. முன்னால் மண் தள்ளும் பிளேடோ லோடரோ மாட்டினால் அது இன்னும் ஏறும். வண்டி நின்ற நிலையில் திருப்பும்போது டயர் உருளாமல் தரையைத் தேய்க்கிறது. அப்போதுதான் பாரம் உச்சம். ஓடும்போது குறையும். இராமேசுவரம் தீவிலும் மண்டபம், சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலிலும் இது வேறு மாதிரி. 6.00-16 அளவுள்ள ஒல்லியான முன் டயர் மணலில் புதைந்து, பக்கவாட்டில் மணலைத் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கிறது.

உழவில் எத்தனை முறை திருப்புகிறோம்? சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஒன்பது கலப்பை இரண்டு மீட்டர் அகலம் பிடிக்கும் என்று வைத்தால், போய்த் திரும்பி உழ 32 சால், 31 திருப்பம். ஒரு நாளில் பத்து ஏக்கரை ஒரு முறை உழுபவர் முந்நூறு முறைக்கு மேல் வட்டை முழுக்கத் திருப்புகிறார். வயல் துண்டு சிறியதாக இருந்தால் இது இன்னும் கூடும். மிளகாய்க் கொல்லைகளின் சிறு பாத்திகளில் ஓட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். பவர் ஸ்டியரிங்கைச் சொகுசு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் எல்லாக் கனமும் பாரத்தால் வருவதல்ல. பழைய வண்டியின் முன் அச்சில் சக்கரம் திரும்பும் முளையான கிங் பின், அதன் புஷ், மேலே பாரம் தாங்கும் பேரிங் எல்லாம் கிரீசை நம்பி இருக்கின்றன. கிரீஸ் போகாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். நம் கரையில் அது சீக்கிரம் நடக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்துவந்ததற்குக் காரணம், அந்த இடம் இரும்பை அவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதுதான். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. உப்பு ஏற்றும் டிரெய்லரை இழுக்கிற வண்டிக்குக் காற்றிலும் உப்பு, தரையிலும் உப்பு.

ஆகவே பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. முன் அச்சின் நடுவில் ஜாக்கி கொடுத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி தூக்கி, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டு வட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கையால் தடங்கலின்றித் திரும்பினால் முன் அச்சு நலம். கனம் பாரத்தாலும் டயராலும் வருகிறது. தூக்கிய பிறகும் இறுக்கமாக இருந்தால் நோய் அச்சிலோ ஸ்டியரிங் பாக்ஸிலோ இருக்கிறது. பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் இழுவைக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தனியாகவும் வட்டைத் தனியாகவும் திருப்பினால் எங்கே என்று தெரிந்துவிடும். அதோடு முன் டயரின் காற்றைப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிந்து ஸ்டியரிங்கை இரட்டிப்புக் கனமாக்கும். முன்பு இருந்ததைவிட அகலமான டயர் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். கிங் பின், புஷ், பந்து மூட்டுகள் மாற்றி, பாக்ஸில் எண்ணெய் நிரப்பி, அதன் ஆட்டத்தைச் சரிசெய்தாலே பல வண்டிகள் மறுபிறவி எடுக்கும். இறுகிய கிங் பின்னுக்கு மேல் பவர் ஸ்டியரிங் வைப்பது நோயை மறைத்துவிட்டு அச்சை உடைக்கும் வழி.

இந்தச் சோதனையில் தேறிய வண்டிக்குத்தான் அடுத்த கேள்வி. இதில் நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன. பழைய பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, இழுவைக் கம்பியோடு வால்வும் சிலிண்டரும் சேர்த்துத் தள்ளுவிசை கொடுப்பது ஒன்று. தண்டின் நடுவில் எண்ணெய் மோட்டாரைப் பூட்டி வட்டைத் திருப்பும் கைக்குத் துணை கொடுப்பது இன்னொன்று. சார்-லின் அன்று விற்ற வகை இதுதான். பாக்ஸையே எடுத்துவிட்டு ஆர்பிட்ராலும் சிலிண்டரும் வைப்பது மூன்றாவது. சிறு காரில் உள்ள மின்மோட்டார் ஸ்டியரிங் தண்டை வெட்டிச் சேர்ப்பது நான்காவது.

நான்காவது வழி இப்போது இளைஞர்களைக் கவர்கிறது. இங்கிலாந்தில் பழைய டிராக்டர் பிரியர்கள் வாக்ஸ்ஹால் கோர்சா காரின் மின் ஸ்டியரிங்கை எடுத்துப் பொருத்துகிறார்கள். வேகத் தகவல் வராவிட்டாலும் அது ஓர் இயல்பு நிலையில் துணை கொடுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர்களுக்கு வசதி. நம்மூரில் மாருதி ஆல்டோ போன்ற சிறு கார்களிலும் மின் ஸ்டியரிங் வந்துவிட்டது. எண்ணெய் இல்லை, பம்பு இல்லை, பழைய பாக்ஸும் அப்படியே இருக்கும். தோட்டத்துக்குள் மெல்ல ஓடும் சிறு வண்டிக்கு இது மோசமில்லை. ஆனால் நின்ற நிலையில் முழு பலத்தோடு திருப்பும்போது அந்த மோட்டார் இழுக்கும் மின்சாரம் பழைய வண்டியின் டைனமோ தரக்கூடியதைவிட அதிகம். உப்புக்காற்றில் மின் இணைப்புகள் பச்சை பூத்துப்போகும் ஊரில், வண்டியின் திசையையே ஒரு கனெக்டரை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை.

உழைக்கிற வண்டிக்கு மூன்றாவது வழியே சரி என்பது என் முடிவு. அதைச் சரியாகச் செய்ய மூன்று இடத்தில் கவனம் வேண்டும்: பம்பு, சிலிண்டர், முன் அச்சு.

டிராக்டரில் ஏற்கெனவே ஹைட்ராலிக் இருக்கிறதே, கலப்பையைத் தூக்கும் எண்ணெயையே ஸ்டியரிங்குக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். பழைய மாசி 35 வழி வந்த வண்டிகளில் இது கூடவே கூடாது. அவற்றின் பம்பு பின்புற உடலுக்குள், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டால் சுற்றப்படுகிறது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தவுடன் அந்தத் தண்டு நிற்கும், பம்பும் நிற்கும். வரப்போரம் திருப்பக் கிளட்சை மிதிக்கும் அந்த நொடியிலேயே ஸ்டியரிங் கல்லாகிவிடும். மேலும் அந்தப் பம்பைக் கட்டுப்படுத்துவது எண்ணெய் உறிஞ்சும் பக்கத்தில். கலப்பை அசையாதபோது எண்ணெயே வராது. ஆகவே எஞ்சினோடு நேராகச் சுற்றும் தனிப் பம்பு வேண்டும். டைமிங் பல்சக்கரப் பெட்டியில் இடம் இருந்தால் பல்சக்கரத்திலிருந்தே ஓட்டுவது உத்தமம். இல்லையென்றால் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட். பெல்ட் புழுதியிலும் சேற்றிலும் வழுக்கும் என்பதால் அதற்கு மூடியும் இறுக்கும் வசதியும் கட்டாயம்.

எவ்வளவு எண்ணெய் வேண்டும்? ஆர்பிட்ரால் ஒரு சுற்றுக்கு 100 கன செ.மீ. தருவது என்று கொள்வோம். அவசரத்தில் கை நொடிக்கு ஒரு சுற்றுத் திருப்பும். அப்படியானால் நிமிடத்துக்கு 6 லிட்டர் வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே பம்பு அந்த அளவைத் தந்தாக வேண்டும். திருப்பம் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் குறைந்திருக்கும்போதுதான் வருகிறது. பழைய கார்ப் பம்பைக் கட்டுவதும் உண்டு. அது வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நாள் முழுக்க முந்நூறு திருப்பம் போடுகிற வண்டிக்கு அதன் சிறு தொட்டி போதாது, எண்ணெய் கொதித்துவிடும். ஆர்பிட்ரால் வாங்கும்போது அது நடுநிலையில் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரணப் பல்சக்கரப் பம்போடு மற்ற வகையைச் சேர்த்தால், வண்டி நேராகப் போகும்போதும் பம்பு முழு அழுத்தத்தில் திணறிக்கொண்டே இருக்கும்.

சிலிண்டரில் ஒரு கணக்கு இருக்கிறது. 50 மி.மீ. உள்விட்டம், 25 மி.மீ. தண்டு, 200 மி.மீ. நீட்டம் உள்ள சிலிண்டர் நீள 393 கன செ.மீ. எண்ணெய் கேட்கும்; சுருங்க 295 போதும், தண்டு அடைத்த இடம் குறைவதால். 100 அளவு ஆர்பிட்ராலில் ஒரு பக்கம் திரும்ப நான்கு சுற்று, மறுபக்கம் மூன்று சுற்று. இந்த ஏற்றத்தாழ்வு ஓட்டுநரைக் குழப்பும். இரண்டு பக்கமும் தண்டு நீட்டிய சிலிண்டர் போட்டால் இது தீரும். விலை கூடினாலும் அதுவே சரி. இன்னொன்று, 70 பார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டர் தள்ளும் விசை ஏறத்தாழ 1,400 கிலோ. மனிதக் கையின் அளவை மனத்தில் வைத்துச் செய்த ஸ்டியரிங் ஆர்ம், பந்து மூட்டு, அச்சு முனை எல்லாம் இதைத் தாங்குமா? அழுத்த வால்வைத் தேவைக்கு மேல் முறுக்காதிருப்பதும், சக்கரத்தின் ஸ்டாப் போல்ட்டும் சிலிண்டரின் எல்லையும் ஒத்துப்போகும்படி வைப்பதும் இங்கே உயிர்காக்கும் வேலை.

மாசி 35, ஃபோர்டு 3000 வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டறைகளில் பலரும் சறுக்கும் இடம் இது. அவற்றில் இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் டை ராடு கிடையாது. பாக்ஸின் இருபுறமும் பக்கத்துக்கொரு ஆர்ம், பக்கத்துக்கொரு இழுவைக் கம்பி. முன் அச்சை அகலப்படுத்தினாலும் ஸ்டியரிங் அமைப்புக் கலையாமலிருக்கப் பெர்குசன் செய்த அருமையான ஏற்பாடு அது. அங்கே ஒரு பக்க ஆர்மில் மட்டும் சிலிண்டரைக் கட்டினால், மறு சக்கரத்தைத் திருப்பும் சுமை முழுவதும் பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் வழியாகப் போகும், பற்கள் போய்விடும். பாக்ஸை எடுப்பதென்றால் டை ராடு புதிதாகச் செய்து, அதன் கோணம் இரு சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்றும்படி அமைய வேண்டும். அப்படிச் செய்த பின் முன் அச்சின் அகலத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் இதை ஒப்புக்கொண்டு இறங்க வேண்டும்.

சரியாகிவிட்டது என்று எப்படி அறிவது? ஐரோப்பிய நாடுகள் 1975-ல் வகுத்த டிராக்டர் விதி ஒரு நல்ல அளவுகோல். 12 மீட்டர் ஆரத்தில் திரும்ப வட்டின் விளிம்பில் 25 கிலோவுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. பவர் செயலிழந்தாலும் 60 கிலோவுக்குள் திரும்ப வேண்டும். வட்டின் விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பது எந்தப் பட்டறையிலும் முடியும். முன்னும் பின்னும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அணைந்தால் ஆர்பிட்ரால் கைப்பம்பாக மாறி வண்டியைத் திருப்ப விடும். ஆனால் அது மிகக் கனம். ஆளில்லாத இடத்தில், டிரெய்லர் இல்லாமல், எஞ்சினை அணைத்து ஒரு முறை திருப்பிப் பழகாத ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது.

பழைய ஓட்டுநர்கள் கட்டைவிரலை வட்டின் கம்பிக்குள் நுழைக்க மாட்டார்கள். கல்லில் சக்கரம் இடித்தால் வட்டு சுழன்று விரலை ஒடிக்கும். ஆர்பிட்ரால் வந்தால் அந்த அடி கைக்கு வராது. ஆனால் ஒன்று போகும்: வளைவு முடிந்ததும் வட்டு தானாக நேருக்கு வராது. தார்ச்சாலையில் வேகமாகப் போகும்போது இதற்குப் பழகச் சில நாள் ஆகும். லேசாகிவிட்ட ஸ்டியரிங்கில் கண்மாய்க் கரை மேல் சட்டென்று வெட்டித் திருப்பும் ஆசையும் வரும். வண்டி கவிழ்வது அங்கேதான்.

கடற்கரைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் தண்டின் பளபளப்பு குரோமியப் பூச்சு. உப்பு அதில் குழி போட்டால் அந்தக் குழி ஒவ்வொரு முறையும் ஆயில் சீலைக் கிழிக்கும். தண்டுக்கு ரப்பர் உறை போடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தண்டு உள்ள சிலிண்டரானால், சக்கரத்தை முடிந்தவரை தண்டு உள்ளே போகும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். சீமைக்கருவேல முள்ளும் வேரும் உள்ள காட்டில் ஹோஸை அடியில் தொங்கவிடாதீர்கள். ஹோஸில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் கையையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே மாடலுக்கு உற்பத்தியாளரே விற்கும் பவர் ஸ்டியரிங் பாகங்கள் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. எதுவானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. 2021-ல் வந்த பழமை வாகன விதி ஐம்பது வயதைத் தாண்டிய இருசக்கர வண்டிகளையும் கார்களையும் எண்ணி எழுதப்பட்டது. டிராக்டருக்கு அதில் இடமில்லை. ஆகவே 1960-களின் ஐச்சரோ மாசியோ கலையாத உருவில் யாரிடமாவது இருந்தால், அதைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் ஒருவருடையது. அப்படிப்பட்ட வண்டியில் துளையிடாதீர்கள், வெட்டாதீர்கள், வெல்டு வைக்காதீர்கள். கழற்றினால் பழையபடி ஆகும் வேலை மட்டும் செய்யுங்கள். கழற்றிய பாக்ஸை எண்ணெய் தடவி வையுங்கள்.

அரசு மானியம் புதுக் கருவி வாங்கத்தான் கிடைக்கிறது. ஓடும் வண்டியைப் பாதுகாப்பாக ஓட வைப்பதற்கும் பணமும் பயிற்சியும் வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை, பரவலாக உள்ள ஐந்தாறு பழைய மாடல்களுக்காவது சோதித்த ஸ்டியரிங் தொகுப்பு ஒன்றை வடிவமைத்து, பரமக்குடி, இராமநாதபுரம் பட்டறைக்காரர்களுக்கும் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கும் அதைப் பொருத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். மதுரைப் பக்கத்திலேயே டிராக்டர்த் தொழிற்சாலை இருக்கிற வட்டாரத்தில் இது கேட்கக் கூடாத கோரிக்கை அல்ல. அது வரும்வரை, முன்னால் பிளேடோ லோடரோ மாட்டும் வண்டிக்கும், பாரம் இழுத்து நாள் முழுக்க ஓடும் வண்டிக்கும், தோள் தளர்ந்த ஓட்டுநரின் வண்டிக்கும் பவர் ஸ்டியரிங் போடுங்கள். ஆண்டுக்கு நான்கு வாரம் உழுதுவிட்டு நிற்கும் வண்டிக்குக் கிங் பின் மாற்றி கிரீஸ் அடித்தால் போதும்.